கால் கரண்டி கால்: வீட்டில் டோர்ட்டியா சுட்ட கதை

பிடித்த வெளிநாட்டுச் சமையல் எது என்று யாராவது கேட்டால் மெக்சிகோ என்று சட்டென்று சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால்தான் மாட்டிக்கொள்வேன். காரம், எலுமிச்சைப் புளிப்பு, கொத்தமல்லி மணம், சுட்ட மிளகாய் என்று அடுக்கிக்கொண்டே போவேன். ஒருநாள் அக்காவிடம் அப்படி அடுக்கியபோது, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் உலகத்துல பாதி நாட்டுல இருக்குடா. இதுல மெக்சிகோ எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. வீட்டில் நான் செய்யும் டாகோவில் எல்லாமே இருக்கும். தக்காளி, பூண்டு, மிளகாயை எண்ணெய் விடாமல் கல்லில் போட்டுத் தோல் கருகச் சுட்டு இடித்த சால்சா, வெங்காயம் மட்டும் போட்டுக் குழைய வேகவைத்த கறுப்பு பீன்ஸ், பொடியாக அரிந்த கொத்தமல்லி. அத்தனையையும் பாக்கெட்டில் வாங்கிய கோதுமை டோர்ட்டியாவில், அதாவது சப்பாத்தி போன்ற மெல்லிய ரொட்டியில், சுருட்டிக் கடித்தால் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் முன்பு ஒரு பயணத்தில், மெக்சிகோக் குடும்பம் ஒன்று நடத்திய சின்னக் கடையில் சாப்பிட்ட டாகோவுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. அந்தக் கடையில் ஒரு வாசனை இருந்தது. வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் பட்டால் எழுமே, கிட்டத்தட்ட அந்த வாசனை. அது மிளகாயிலிருந்து வரவில்லை, கறியிலிருந்தும் வரவில்லை. டோர்ட்டியாவிலிருந்து வந்தது.

சரி, டோர்ட்டியாவைத்தான் முதலில் ஒருகை பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நான்கு வார இறுதிகள் போயின. நடந்ததை, கெட்டுப்போனது உட்பட, இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மக்காச்சோள மாவு வாங்கினேன், வெந்நீர் விட்டுப் பிசைந்தேன், தட்டினேன். கையில் எடுத்தால் உதிர்ந்தது. தண்ணீர் கூட்டினால் கூழானது, குறைத்தால் மணலானது. எப்படியோ ஒட்டவைத்துக் கல்லில் போட்ட நான்கில் மூன்று, திருப்பும்போதே உடைந்தன. தப்பிய ஒன்றை அக்கா மேசையில் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்று சத்தம் வந்தது. "டேய், இது சாப்பாடா, சிலேட்டா?"

காரணம் பிறகுதான் விளங்கியது. கோதுமையில் மாவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் இருக்கிறது, மக்காச்சோளத்தில் இல்லை (இனிச் சோளம் என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்). சோளத்தை அப்படியே அரைத்தால் அது எந்த நாளும் ஒட்டாது. மெக்சிகோவில் டோர்ட்டியாவுக்கு எடுப்பது வெறும் சோள மாவே இல்லை. முழுச் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். அப்படி வெந்து ஊறிய சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் சாம்பலைக் குறிக்கும் சொல்லும் சோள மாவுருண்டையைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் அது. அரைத்த மாவு மாசா. இந்த மாசாவை உலரவைத்துப் பொடியாக்கி 'மாசா ஹரினா' என்று பாக்கெட்டிலும் விற்கிறார்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போதும், ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு அதில் குற்றமில்லை, மெக்சிகோவிலேயே ஏராளமான வீடுகளில் அதுதான். ஆனால் நான் தேடியது அந்தச் சுவர் வாசனையை. அதனால் முழுச் சோளத்திலிருந்தே தொடங்குவது என்று பிடிவாதம் பிடித்தேன்.

சோளத்தில் கவனம் வேண்டும். அவித்துத் தின்னும் இனிப்புச் சோளம் இதற்கு உதவாது. அது இளசாகப் பறிப்பது, அதில் சர்க்கரை அதிகம், மாவுச்சத்து குறைவு. செடியிலேயே முற்றிக் காய்ந்த கெட்டி மணிதான் வேண்டும். விதைக்காக மருந்து தடவிய மணிகளை வாங்கிவிடக் கூடாது. உணவுக்கு என்று விற்பதையே வாங்க வேண்டும். சுண்ணாம்பும் அப்படித்தான். உணவுத் தரமான நீற்றிய சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துச் சூடாகித் தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து. அதை அடுப்படிக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

இரண்டாம் வாரத்தில் விழுந்த அடிக்குத் தமிழும் ஒரு காரணம். சுண்ணாம்புக்கு ஸ்பானிய மொழியில் 'கால்' என்று பெயர். பார்த்த செய்முறைகளிலிருந்து ஒரு தாளில் குறித்து வைத்தேன்: "சோளம் அரை கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், கால் கரண்டி கால்." எந்தக் கரண்டி என்று எழுதவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு கால் அளவு, ஒரு கால் சுண்ணாம்பு. இரண்டில் ஒன்று கைப்பிழை என்று நினைத்து, குழம்புக் கரண்டியை எடுத்துத் தாராளமாகவே போட்டுவிட்டேன். பின்னால் அதே அளவை நிறுத்துப் பார்த்தபோது 15 கிராமுக்கு மேல் இருந்தது. போட வேண்டியது சோளத்தின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு. அரை கிலோவுக்கு வெறும் 5 கிராம்.

இன்னொரு தவறையும் அதே நாளில் செய்தேன். கையில் கிடைத்த பெரிய பாத்திரம் அலுமினியம். சுண்ணாம்பு நீர் கடும் காரத்தன்மை உள்ளது, அலுமினியத்தை அரிக்கும் என்பது பள்ளியில் படித்த பாடம்தான், ஆனால் அடுப்பங்கரையில் யாருக்குப் பாடம் ஞாபகம் வருகிறது? உள்பக்கம் கறுத்து, சொரசொரவென்று ஆகிவிட்டது. சோளம் அடர் மஞ்சளாக மாறிச் சோப்பு வாசனை அடித்தது. ஏழெட்டுத் தண்ணீரில் கழுவியும் நாக்கில் வைத்தால் கசந்தது. அத்தனையையும் கொட்டினேன். பாத்திரம் இப்போது மாடியில் செடி வளர்க்கிறது. அதற்குப் பிறகு எவர்சில்வர் பாத்திரம், கிராம் காட்டும் சின்னத் தராசு, இரண்டும் இல்லாமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.

மூன்றாம் வாரம் அளவெல்லாம் சரி. 500 கிராம் சோளம், 5 கிராம் சுண்ணாம்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் நீர் மஞ்சளாகி, வீடு முழுக்க அந்த வாசனை பரவியது. அதேதான். வெள்ளையடித்த சுவர். அக்கா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, பெயின்டர் வந்திருக்காரா?" என்றாள். எனக்கு அது பாராட்டாகப் பட்டது.

அந்த மகிழ்ச்சியில் அடுப்பை அணைக்கத் தாமதித்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கொதித்தது. இரவெல்லாம் மூடிவைத்துக் காலையில் பார்த்தால் மணிகள் ஊதி வெடித்திருந்தன. போதாக்குறைக்கு மிக்ஸியில் அரைத்தேன். தண்ணீர் விடாமல் மிக்ஸி சுற்றாது, விட விட மாவு இளகும். கடைசியில் கிடைத்தது பசை. சுவரொட்டி ஒட்டலாம். தடித்த துணியில் கட்டி மேலே பாரம் வைத்து நீரை வடியவிட்டுப் பார்த்தேன். தண்ணீர் போனது, பிசுபிசுப்பு போகவில்லை. ஆனாலும் அடைபோலத் தட்டிச் சுட்ட ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டபோது, முதல் முறையாக அந்தக் கடையின் ருசி அடிநாக்கில் தட்டுப்பட்டது. மேலே எதுவும் வைக்காத வெறும் சோளத்தில்.

ஊறும் இரவுகளில் சும்மா இருக்க முடியாமல் இதைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். பாத்திரத்துக்குள் நடப்பது வெறும் வேகவைத்தல் அல்ல. சோளத்தின் தோலைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் ஹெமிசெல்லுலோசைக் காரநீர் கரைக்கிறது, அதனால் தோல் வழுக்கிக்கொண்டு கழல்கிறது. மாவுச்சத்து ஓரளவு மட்டும் வெந்து ஒட்டும் குணம் பெறுகிறது. கால்சியம் உள்ளே இறங்குகிறது. இன்னொன்றும் நடக்கிறது. சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் நம் குடலால் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது.

இதைப் படித்தபோது ஒரு பழைய சோகத்துக்கு விளக்கம் கிடைத்தது. கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பா சோளத்தைக் கொண்டுபோனது, சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனது. சோளத்தையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் நோய் வந்தது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் இதைக் கண்டு குறித்தார். பிறகு இத்தாலியில் இதற்கு பெல்லாக்ரா என்று பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இது வாட்டியெடுத்தது. தொற்றுநோய் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, உணவில்தான் குறை என்று ஜோசப் கோல்ட்பர்கர் என்ற மருத்துவர் காட்டினார். குறை நியாசின்தான் என்பது 1937இல் கான்ராட் எல்வெஹ்யெம் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வுக்குப் பிறகு தெளிவானது. மெக்சிகோவின் பாட்டிமார்களோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, வைட்டமின் என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து, தினமும் மாலை அந்தப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மருந்தென்று நினைத்தா செய்திருப்பார்கள்? தோல் சுலபமாகப் போகிறது, மாவு ஒட்டுகிறது, மணக்கிறது. அது போதாதா.

மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் குறிப்பைப் படித்தபோது டாகோ, புரிட்டோ என்று பெரிய பட்டியலை எதிர்பார்த்தேன். முன்வரிசையில் இருந்ததோ சோளம், பீன்ஸ், மிளகாய், அவற்றை விளைவிக்கும் மில்பா என்ற கலப்புப் பயிர் முறை, சுண்ணாம்பில் சோளத்தை வேகவைக்கும் முறை, அரைகல், கல் உரல். அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருந்தது.

மீதிப் பதில் ஒரு டாகோவின் வரலாற்றில் கிடைத்தது. மெக்சிகோ நகரத்தின் பெருமை என்று சொல்லப்படும் 'அல் பாஸ்டோர்' டாகோ, லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவிலிருந்து பிறந்தது. நிற்கும் கம்பியில் சுழலும் கறி, அதை மேலிருந்து சீவும் கத்தி, எல்லாம் அதேதான். முதலில் புவேப்லா நகரத்தில் அரபு ரொட்டி போன்ற ஒன்றில் சுருட்டித் தந்தார்கள். பிறகு ஆட்டுக்கறி பன்றிக்கறியானது, மசாலாவில் மெக்சிகோ மிளகாய் ஏறியது, ரொட்டி இருந்த இடத்துக்குச் சோள டோர்ட்டியா வந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் வெளிநாட்டுச் சாப்பாடு என்று சொல்வதில்லை.

நான்காம் வாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. சோளத்தைக் களைந்து, மிதந்த சொத்தை மணிகளை எடுத்துவிட்டு, சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் தனியாகக் கரைத்து ஊற்றினேன். கொதி வந்ததும் தீயைக் குறைத்தேன். இந்த முறை கடிகாரத்தை நம்பவில்லை. பதினைந்து நிமிடத்திலிருந்தே அவ்வப்போது ஒரு மணியை எடுத்துக் கழுவி விரலில் தேய்த்துப் பார்த்தேன். முதலில் தோல் அசையவில்லை. அரை மணி நேரத்தில் வழுக்கத் தொடங்கியது. நாற்பதாவது நிமிடத்தில் எடுத்த மணியைப் பாதியாகக் கடித்தால், ஓரம் வெந்து நடுவில் மட்டும் வேகாத வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அங்கேதான் நிறுத்த வேண்டும். மிச்சத்தை ஊறல் பார்த்துக்கொள்ளும். அணைத்து, மூடி, பன்னிரண்டு மணி நேரம் விட்டேன்.

காலையில் மஞ்சள் நீரை வடித்துவிட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன். தோல் முழுவதையும் தேய்த்து எடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் தோல் இருந்தால்தான் மாவு பிடிப்பாக வருகிறது. கழுவி எடுத்த மணி, அழுத்தினால் நசுங்கும், ஆனால் குழையாது. அப்படியே ஒரு கை அள்ளித் தின்றேன். சுவையாகத்தான் இருந்தது.

அரைப்பதற்கு இம்முறை வெட் கிரைண்டர். மெக்சிகோவில் ஒரு காலத்தில் பெண்கள் மெட்டாட்டே என்ற எரிமலைக் கல் அம்மியில் மண்டியிட்டுப் பல மணி நேரம் அரைப்பார்களாம். ஆலைகள் வந்தபோது அதிலும் கல்லையே பொருத்தினார்கள். மிக்ஸியின் கத்தி வெட்டுகிறது, கல் நசுக்கித் தேய்க்கிறது. இந்த மாவுக்கு நசுக்கல்தான் வேண்டும். ஒரு பிடி போட்டு, அரைபட்டதும் அடுத்த பிடி. ஓரத்தில் ஏறி ஒட்டுவதைக் கரண்டியால் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கல் சிக்கினால் மட்டும் விரலால் தண்ணீர் தெளிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். கால் வலித்தது. (அளவும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, என் சொந்தக் கால்.)

மாவு நிறுத்தால் 880 கிராம். அரை சிட்டிகை உப்பு. அடிக்காமல், மெதுவாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் வைத்தேன். பதம் பார்க்க ஓர் உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, விரலில் அப்பிக்கொண்டால் அதிகம். குழந்தைகள் விளையாடும் களிமண்போல, அழுத்திய இடத்தில் ரேகை பதிந்து நிற்க வேண்டும். எனக்கு இரண்டு கரண்டித் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்பட்டது.

30 கிராம் உருண்டைகள், மொத்தம் 29. டோர்ட்டியா அழுத்தும் கருவி என்னிடம் இல்லை. தடித்த பிளாஸ்டிக் பையைக் கத்தரித்து இரண்டு தாளாக்கி, நடுவில் உருண்டையை வைத்து, அடி தட்டையான கனத்த பாத்திரத்தால் அழுத்தினேன். பாதி அழுத்தி, தாளைக் கால்வட்டம் திருப்பி, மறுபடி அழுத்தினால் ஒரே கனமாக வருகிறது. மேல் தாளை உரித்து, உள்ளங்கையில் கவிழ்த்து, அடித்தாளை உரித்து, கல்லில் விட வேண்டும். எழுதும்போது சுலபம். முதல் ஐந்து மடிந்து விழுந்தன. கையை முன்னால் நீட்டிப் போடக் கூடாது, டோர்ட்டியாவின் ஓரம் கல்லைத் தொட்டதும் கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பது ஆறாவதில்தான் பிடிபட்டது.

கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் நிற்காமல் ஓட வேண்டும். எண்ணெய் கூடாது. அங்கே கோமால் என்ற தட்டையான மண் சட்டியில் சுடுவார்கள், ஒட்டாமலிருக்க அதற்கும் சுண்ணாம்பு நீர்தான் பூசுகிறார்கள். என்னிடம் இருந்தது கனத்த இரும்புக் கல். முதல் பக்கம் இருபது விநாடி, ஓரம் லேசாக உலரும்வரைதான். திருப்பி ஒரு நிமிடம், அங்கங்கே கறுப்புப் புள்ளி விழும். மறுபடி திருப்பி, நடுவில் துணியால் மெல்ல ஒற்றினால் உப்ப வேண்டும்.

உப்பவில்லை. பதினொன்று வரை ஒன்றுகூட உப்பவில்லை. ருசி இருந்தது, வாசனை இருந்தது, மடித்தால் உடையவில்லை. ஆனால் தட்டையாகவே கிடந்தன. தீயைக் கூட்டினேன், குறைத்தேன், இன்னும் மெல்லிசாக அழுத்தினேன். கடைசியில் பிரச்சினை என் தாமதம் என்று தெரிந்தது. முதல் பக்கத்தை நாற்பது விநாடிக்கு மேல் விட்டுக்கொண்டிருந்தேன், அதற்குள் ஈரம் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் சீக்கிரம் மேல்தோல் கட்டிக்கொள்ள, உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால்தான், அந்த ஈரம் ஆவியாகி இரண்டு தோலையும் பிரித்துத் தூக்கும்.

பன்னிரண்டாவதை விநாடி எண்ணித் திருப்பினேன். ஓர் ஓரத்தில் சின்னக் குமிழி எழுந்து, நடுவுக்கு நகர்ந்து, முழுசாகப் பந்துபோல எழும்பி நின்றது. கத்திவிட்டேன். அக்கா ஓடி வந்தாள். மெக்சிகோவில் டோர்ட்டியா உப்பினால், சுடுபவருக்குக் கல்யாண வயசு வந்தாச்சு என்று கேலி செய்வார்கள் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். "பொண்ணு வீட்டுல இந்த ஒண்ணைக் காட்டிடலாம். அந்தப் பதினொண்ணை எங்க ஒளிச்சு வைக்கிறது?" என்றாள்.

ஒளிக்கத் தேவைப்படவில்லை. ஆறிய டோர்ட்டியாவை முக்கோணமாக வெட்டிப் பொரித்தால் டொடோபோ. அதைச் சால்சாவில் போட்டுக் கொதிக்கவிட்டால் சிலாக்கிலே என்ற காலை உணவு. பழசாகிப் போனதை ருசியாக்க அந்தச் சமையலில் எத்தனை வழி வைத்திருக்கிறார்கள்! மீதிப் பதினெட்டில் பதினான்கு உப்பின. சுட்டதைத் தட்டில் பரப்பக் கூடாது, காய்ந்துவிடும். துணி விரித்த கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவைக்க வேண்டும். பத்து நிமிடம் தன் ஆவியிலேயே வெந்து பட்டுபோல ஆகிவிடுகிறது. இதைச் செய்யாமல் முதலில் சூடாகப் பரிமாறிய மூன்று, சற்று வறண்டே இருந்தன.

வேண்டுமென்றே முதல் சுற்றில் நான் எதையும் உள்ளே வைக்கவில்லை. உப்புக்கல் இரண்டு தூவிச் சுருட்டி அக்காவிடம் நீட்டினேன். மென்றாள், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றை அவளே எடுத்துக்கொண்டாள். இரண்டாம் சுற்றில் பீன்ஸ், சுட்ட தக்காளிச் சால்சா, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. வழக்கமாக நான் செய்யும் அதே சால்சா, அதே பீன்ஸ். ஆனால் இப்போது சால்சாவின் புளிப்பு சோளத்தின் இனிப்பில் போய் உட்கார்ந்தது. சோளத்தின் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பீன்ஸ் ஈடுகட்டுகிறது என்று படித்திருந்தேன். வாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் பீன்ஸ் தனியாக மாவுமாவென்று இருந்தது, டோர்ட்டியாவோடு சேர்ந்ததும் வெண்ணெய்போல இருந்தது. மிளகாயின் அளவைக்கூட நான் கூட்டவில்லை. இத்தனை நாளாக, இல்லாத ருசியைக் காரத்தால் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரிடா, மெக்சிகோ எங்க இருக்குன்னு தெரிஞ்சுது" என்றாள் அக்கா, கூடைத்துணியை விலக்கிக்கொண்டே. உள்ளே ஒன்றுதான் மிச்சம். அதை இருவரும் பிய்த்துக்கொண்டோம்.

அடுத்த முறைக்குச் சில குறிப்புகள். சோளத்தை ஒரு கிலோவாக்க வேண்டும், அரை கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் வேகவும் ஊறவும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். மரப்பலகையில் ஒரு டோர்ட்டியா அழுத்தி செய்யத் தச்சரிடம் கேட்டிருக்கிறேன். நீலச் சோளம் கிடைத்தால் அதையும் பார்க்க வேண்டும், சுண்ணாம்பு பட்டால் அதன் நிறம் எப்படித் திரும்புகிறது என்று காண ஆசை. அரைத்த மாவு அன்றே தீர வேண்டும். மிச்சத்தை வெளியில் வைத்தேன், சாயங்காலமே புளித்த வாடை வந்துவிட்டது.

தாளில் இருந்த பழைய குறிப்பை அடித்துவிட்டு, "சுண்ணாம்பு 10 கிராம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். சோளம் களைந்தாயிற்று. மணி எட்டு.